மவுஸின் அடியில் ஓர் ஆங்கிலப் பாடம்

பக்கத்தில் இருக்கும் மவுஸையோ கீபோர்டையோ லேப்டாப் சார்ஜரையோ ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள். பொடி எழுத்தில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அமெரிக்காவிலும் விற்கப்படும் சாதனம் என்றால் அந்த லேபிளிலோ, பெட்டியோடு வந்த சிறு கையேட்டிலோ பெரும்பாலும் இப்படி ஒரு வாசகம் இருக்கும்: “திஸ் டிவைஸ் மே நாட் காஸ் ஹார்ம்ஃபுல் இன்டர்ஃபியரன்ஸ்.” அடுத்த வரி: “திஸ் டிவைஸ் மஸ்ட் அக்செப்ட் எனி இன்டர்ஃபியரன்ஸ் ரிசீவ்ட், இன்க்ளூடிங் இன்டர்ஃபியரன்ஸ் தட் மே காஸ் அன்டிசையர்ட் ஆப்பரேஷன்.”

இது அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் விதி. மின்சுற்று ஓடும் எந்தச் சாதனமும் கொஞ்சம் ரேடியோ அலையைக் கசியவிடும். அது பக்கத்து ரேடியோவுக்கும் டிவிக்கும் கெடுதலான இடையூறு தரக்கூடாது என்கிறது முதல் வரி. வெளியிலிருந்து வரும் இடையூறை இந்தச் சாதனம் தாங்கிக்கொண்டே ஆக வேண்டும், அது சாதனத்தைத் தாறுமாறாக இயங்கவைக்கக்கூடிய இடையூறாக இருந்தாலும் சரி என்கிறது இரண்டாவது.

இந்த இரண்டு வரிக்குள் ‘மே’ இரண்டு முறை வருகிறது, ‘மஸ்ட்’ ஒரு முறை. முதல் ‘மே’ தடை விதிக்கிறது. இரண்டாவது ‘மே’ தடையும் இல்லை, அனுமதியும் இல்லை. இப்படி நடக்க வாய்ப்பு உண்டு என்று மட்டும் சொல்கிறது. பள்ளியில் கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட், வில், வுட், ஷல் என்று வரிசையாக ஒப்பித்தோமே, அந்த மோடல் வெர்ப்கள்தாம் இவை. ஒரு செயல் நடந்ததா என்று இவை சொல்வதில்லை. அது முடியுமா, கூடுமா, வேண்டுமா, வாய்ப்பு எவ்வளவு என்று சொல்கின்றன. இவற்றைப் பழக கணினியை விட நல்ல இடம் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று போகப்போகத் தெரியும். அதற்கு முன் சாதனங்களைப் பார்த்துவிடலாம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கண்ணால் மட்டும் படிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இன்புட், அவுட்புட் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். உள்ளே, வெளியே என்றால் யாருக்கு உள்ளே, யாருக்கு வெளியே? எப்போதும் கணினிக்குத்தான். கணினிக்குள் தகவலைக் கொண்டுபோவது இன்புட் சாதனம், கணினியிலிருந்து தகவலை நமக்குக் கொண்டுவருவது அவுட்புட் சாதனம். வெப்கேம் நம் முகத்தைக் ‘காட்டுவதால்’ அது அவுட்புட் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். கேமரா எதையும் காட்டவில்லை. அது முகத்தை வாங்கி உள்ளே அனுப்புகிறது, காட்டுவது திரை. கீபோர்டு, மவுஸ், ஸ்கேனர், மைக், வெப்கேம், கைரேகை வைக்கும் கருவி எல்லாம் இன்புட். மானிட்டர், பிரிண்டர், ஸ்பீக்கர், புரொஜெக்டர் எல்லாம் அவுட்புட். பென் டிரைவ் சேமிப்பகம். அதை இந்தப் பட்டியலில் திணிக்க வேண்டியதில்லை.

மவுஸ் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் இன்புட் என்றால் என்ன என்பது அதில் பளிச்சென்று விளங்கும். அம்புக்குறி திரையில் எங்கே நிற்கிறது என்பது மவுஸுக்குத் தெரியாது. “இவ்வளவு வலப்பக்கம் நகர்ந்தேன், இவ்வளவு மேலே போனேன், இடது பட்டனை அழுத்தினார்கள்” என்று மட்டும் அது சொல்லும். அதை வைத்து அம்புக்குறி எங்கே நிற்க வேண்டும் என்று கணக்குப் போடுவது கணினி, அதை வரைந்து காட்டுவது திரை. 1964-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் செய்த முதல் மவுஸ் ஒரு மரப்பெட்டி. அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு சக்கரங்கள். ஒன்று பக்கவாட்டு நகர்வை அளக்கும், மற்றது மேல்கீழ் நகர்வை அளக்கும். இன்றைய மவுஸில் சக்கரம் போய் ஒரு மிகச் சிறிய கேமரா வந்துவிட்டது. மேஜையின் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு எவ்வளவு நகர்ந்தது என்று கண்டுபிடிக்கிறது. கண்ணாடி மேஜையில் பல மவுஸ்கள் தடுமாறுவது இதனால்தான்: வழவழப்பான கண்ணாடியில் படம் பிடித்து ஒப்பிட அதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை.

கீபோர்டும் அப்படித்தான். அது எழுத்தை அனுப்புவதில்லை, எந்த விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை அனுப்புகிறது. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று தீர்மானிப்பது உள்ளே இருக்கும் மென்பொருள். அதனால்தான் ஆங்கிலத்தில் ‘ஹெச்’ வரும் அதே விசை, 1999-ல் வந்த தமிழ்99 அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் ‘க’ தருகிறது. “யூ கேன் டைப் தமிழ் வித் எனி கீபோர்டு” என்று தாராளமாகச் சொல்லலாம்; எந்தக் கீபோர்டை வைத்தும் தமிழில் தட்டச்சு செய்ய முடியும்.

சில பொருள்கள் இரண்டு வேலையும் செய்யும். டச் ஸ்கிரீன் காட்டுகிறது, தொட்டால் உள்ளேயும் அனுப்புகிறது. ஹெட்செட்டில் காதருகே இருப்பது அவுட்புட், வாயருகே இருப்பது இன்புட். ஜெராக்ஸ் கடையில் இருக்கும் பெரிய இயந்திரத்தின் மேல்பகுதி ஸ்கேனர், கீழ்ப்பகுதி பிரிண்டர். அடுத்த முறை ஏடிஎம்முக்குப் போனால் வரிசையில் நிற்கும் நேரத்தில் பிரித்துப் பாருங்கள்: கார்டு செருகும் இடம், எண் பலகை இரண்டும் இன்புட், திரை, ரசீது வரும் இடுக்கு, பணம் வரும் வாய் மூன்றும் அவுட்புட்.

இனி ஐஃபோனில் புதிதாக ஒரு செயலியைத் திறந்தால் வரும் கேள்விக்கு வருவோம். செயலியின் பெயரைப் போட்டு, “வுட் லைக் டு அக்சஸ் தி கேமரா” என்று கேட்கும். இன்னொரு முறை “வுட் லைக் டு அக்சஸ் தி மைக்ரோஃபோன்.” ‘வான்ட்ஸ் டு’ என்றும் எழுதியிருக்கலாம், பொருள் அதேதான். ‘வான்ட்ஸ்’ என்றால் எனக்கு வேண்டும் என்று நேராகக் கேட்பது. ‘வுட் லைக்’ என்றால் தந்தால் நல்லது என்று பணிவாகக் கேட்பது. அனுமதி உங்கள் கையில் இருக்கிறது என்பதை அந்த ஒரு ‘வுட்’ ஒத்துக்கொள்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். கேமராவுக்குக் கேட்கிறது, மைக்குக்குக் கேட்கிறது, நீங்கள் இருக்கும் இடத்தை அறியக் கேட்கிறது. ஸ்பீக்கருக்கு அப்படிக் கேட்பதில்லை. இன்புட் சாதனம் உங்களிடமிருந்து எடுக்கிறது; அவுட்புட் சாதனம் உங்களுக்குக் கொடுக்கிறது. எடுப்பவர்தானே அனுமதி கேட்க வேண்டும்? இன்புட், அவுட்புட் பாடத்தை வெறும் தேர்வுக் கேள்வியாகப் படித்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது புரிவதில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம். அந்தப் பாடம் தெரிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு ‘அல்லோ’ அழுத்த மாட்டார்.

இப்போது இலக்கணம். பயப்பட ஒன்றுமில்லை; மோடல் வெர்ப்களுக்கான விதிகள் மற்ற வினைகளுக்கு இருப்பதை விடக் குறைவு. ‘ஹி, ஷி, இட்’ வந்தால் மற்ற வினைகளுக்கு ‘எஸ்’ ஒட்ட வேண்டும், இவற்றுக்கு வேண்டாம். “தி ஸ்கேனர் ரீட்ஸ் பார்கோட்ஸ்” என்று சொல்லும் நாம், “தி ஸ்கேனர் கேன் ரீட் பார்கோட்ஸ்” என்றுதான் சொல்ல வேண்டும். ‘கேன்ஸ்’ என்று ஒன்று இல்லை, ‘ரீட்’டிலும் ‘எஸ்’ போய்விடும். பின்னால் வரும் வினை வெறுமனே வரும்: ‘டு’ கூடாது, ‘இங்’ கூடாது. “யூ மஸ்ட் டு கனெக்ட் தி கேபிள்” தவறு, “யூ மஸ்ட் கனெக்ட் தி கேபிள்” சரி. இரண்டு மோடல்கள் அருகருகே நிற்கா. “தி பிரிண்டர் வில் கேன் பிரிண்ட்” என்று சொல்ல முடியாது, “தி பிரிண்டர் வில் பி ஏபிள் டு பிரிண்ட்” என்று சுற்றித்தான் போக வேண்டும்.

இங்கே நம்மவர்கள் நிறையப் பேர் செய்யும் ஒரு பிழையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நேர்காணல்களில் அடிக்கடி கேட்கலாம்: “ஐ கேன் ஏபிள் டு ஒர்க் இன் எக்செல்.” ‘கேன்’ என்றாலே ‘ஆம் ஏபிள் டு’ தான். ஒன்றைச் சொன்னால் போதும். “ஐ கேன் ஒர்க் இன் எக்செல்” அல்லது “ஐ ஆம் ஏபிள் டு ஒர்க் இன் எக்செல்.” முதலாவது சுருக்கமாகவும் இயல்பாகவும் இருக்கிறது, அதையே பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்க ‘டூ, டஸ்’ எதுவும் வேண்டாம். மோடலை முன்னால் தள்ளினால் போதும். “யூ கேன் ஹியர் மீ” என்பது “கேன் யூ ஹியர் மீ?” ஆகும். ஆன்லைன் கூட்டங்களில் தினமும் கேட்கும் இந்த நான்கு சொல் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். என் மைக், அதாவது என் பக்கத்து இன்புட், வேலை செய்கிறதா? உங்கள் ஸ்பீக்கர், அதாவது உங்கள் பக்கத்து அவுட்புட், வேலை செய்கிறதா? இரண்டையும் ஒரே நேரத்தில் சோதிக்கும் கேள்வி அது. அதனால்தான் பதில் வராவிட்டால் கோளாறு எந்தப் பக்கம் என்று உடனே தெரிவதில்லை. மரியாதையாகக் கேட்க ‘கேன்’ இடத்தில் ‘குட்’ போடலாம்: “குட் யூ ஷேர் யுவர் ஸ்கிரீன்?” நல்லது என்று பொருள்படும் ‘குட்’ வேறு. இந்தக் ‘குட்’டை எழுதும்போது நடுவில் ஒரு ‘எல்’ வரும், வாயில் வராது. ‘வுட்’, ‘ஷுட்’ இரண்டிலும் அதே கதைதான்.

பொருளுக்கு வருவோம். தமிழ் பேசுபவருக்கு ‘மே’ எளிதாகவே வர வேண்டும், ஏனென்றால் நம் ‘லாம்’ அப்படியே அதன் ஜோடி. “நீங்க இந்தப் பிரிண்டரை யூஸ் பண்ணலாம்” என்றால் அனுமதி. “உள்ளே பேப்பர் சிக்கியிருக்கலாம்” என்றால் வாய்ப்பு. “யூ மே யூஸ் திஸ் பிரிண்டர்.” “தேர் மே பி எ பேப்பர் ஜாம்.” இரண்டு மொழியிலும் ஒரே உருவம் இரண்டு வேலையும் பார்க்கிறது. விண்டோஸ் அமைக்கும்போது “திஸ் மைட் டேக் செவரல் மினிட்ஸ்” என்று வருவது வாய்ப்பு வகை: சில நிமிடங்கள் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ‘மைட்’ பொதுவாக ‘மே’யை விட ஒரு படி தளர்வு.

சிக்கல் ‘மஸ்ட்’, ‘ஷுட்’ இரண்டிலும்தான். நாம் இரண்டுக்கும் ‘வேண்டும்’ என்று ஒரே சொல்லைப் போட்டுப் படித்துவிடுகிறோம். “பாஸ்வேர்டு போட வேண்டும்”, “பாஸ்வேர்டை அடிக்கடி மாற்ற வேண்டும்” இரண்டும் தமிழில் ஒன்றுபோலவே ஒலிக்கும். முதலாவது போடாவிட்டால் உள்ளே போகவே முடியாது, அது ‘மஸ்ட்’. இரண்டாவது செய்தால் நல்லது என்னும் யோசனை, அது ‘ஷுட்’. இந்த இடைவெளியைப் பொறியாளர்கள் காதால் உணரட்டும் என்று விடவில்லை, எழுதியே வைத்துவிட்டார்கள். 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய ‘ஆர்எஃப்சி 2119’ என்ற சிறு ஆவணம் இணையத் தொழில்நுட்ப விதிகளில் இந்தச் சொற்களுக்கு அளவு நிர்ணயித்தது. ‘மஸ்ட்’ என்றால் விதிவிலக்கே இல்லாத கட்டாயம். ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால் விடலாம், ஆனால் விட்டால் என்ன ஆகும் என்று முழுதாகப் புரிந்துகொண்டு, எடைபோட்டுப் பார்த்துத்தான் விட வேண்டும். ‘மே’ என்றால் முழுக்க முழுக்க விருப்பம். 2017-ல் வந்த ‘ஆர்எஃப்சி 8174’ இன்னொன்றையும் தெளிவாக்கியது: பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் மட்டுமே இந்தச் சிறப்புப் பொருள், சிறிய எழுத்தில் இருந்தால் வழக்கமான ஆங்கிலம்தான்.

இதற்கும் உங்கள் பிரிண்டருக்கும் என்ன தொடர்பு என்றால், நேரடித் தொடர்பு. ஃபோனிலிருந்து வைஃபை வழியாக, தனியாக எந்த மென்பொருளும் நிறுவாமல் பிரிண்ட் கொடுக்கிறோமே, அதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இணைய அச்சு நெறிமுறை. அதன் ஆவணங்களில் பிரிண்டர் எதைச் செய்தே தீர வேண்டும், எதைச் செய்வது நல்லது, எது அதன் விருப்பம் என்பதெல்லாம் இந்த மூன்று சொற்களால்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு நாட்டில் செய்த ஃபோனும் இன்னொரு நாட்டில் செய்த பிரிண்டரும் முன்பின் பார்க்காமலே பேசிக்கொள்வது, இரண்டையும் வடிவமைத்தவர்கள் ‘மஸ்ட்’டை ஒரே பொருளில் படித்ததால்தான். மோடல் வெர்ப் என்பது ஆங்கிலத் தேர்வில் ஒரு மதிப்பெண் கோடிட்ட இடம் என்று நினைக்கும் மாணவர்களுக்கு இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

‘ஷுட்’டுக்கு இன்னொரு முகம் உண்டு, அதையும் கையேடுகளில்தான் அதிகம் பார்க்கலாம். “தி பிரிண்டர் ஷுட் நவ் அப்பியர் இன் தி லிஸ்ட்.” பிரிண்டருக்கு யாரும் இங்கே அறிவுரை சொல்லவில்லை. இதுவரை சொன்னதைச் சரியாகச் செய்திருந்தால் இந்நேரம் பட்டியலில் வந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள், அவ்வளவுதான். “இந்நேரம் வந்திருக்கணுமே” என்று நாம் சொல்வோமே, அதே ‘வேண்டும்’.

எதிர்மறைக்குப் போனால் ஒரு பள்ளம் இருக்கிறது. “யூ மஸ்ட் நாட் ரிமூவ் தி கேபிள்” என்றால் கேபிளை எடுக்கவே கூடாது. “யூ டோன்ட் ஹேவ் டு ரிமூவ் தி கேபிள்” என்றால் எடுக்கத் தேவையில்லை, எடுத்தாலும் குற்றமில்லை. ‘யூ நீட் நாட்’ என்பதும் இதே பொருள்தான். தமிழில் ‘எடுக்க வேண்டாம்’ என்று சொன்னால் சில நேரம் தடையாகவும் சில நேரம் தேவையின்மையாகவும் கேட்கும். பேசுபவரின் குரல்தான் காட்டிக்கொடுக்கும். ஆங்கிலத்தில் குரலை நம்ப வேண்டாம், சொல்லே வேறு. ஆகவே மொழிபெயர்க்கும்போது மனதுக்குள் முதலில் ‘கூடாது’, ‘தேவையில்லை’ என்று பிரித்துக்கொண்டு, அதன்பின் ஆங்கிலத்துக்குப் போங்கள்.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் கொண்டுபோவோம். ஒரு கல்லூரி மாணவி புராஜெக்ட் அச்செடுக்க வந்திருக்கிறாள்.

“அண்ணே, ரெண்டு தடவ பிரிண்ட் கொடுத்துட்டேன், ஒண்ணும் வரல.”

“பேப்பர் தீந்திருக்கலாம்மா, பாரு.”

“பேப்பர் இருக்குண்ணே.”

“அப்ப கேபிள் லூஸா இருக்கும்னு நெனைக்கிறேன்.”

“இப்பத்தானே இன்னொருத்தருக்கு இதே பிரிண்டர்ல வந்துச்சு. கேபிளா இருக்க முடியாது.”

“அட ஆமா. எங்க, ஸ்கிரீனக் காட்டு. பாரு, பேப்பர்ல அடிக்காம பிடிஎஃப் ஃபைலா சேமிக்கிறதுல போய் நிக்குது. யாரோ டீஃபால்ட் பிரிண்டரை மாத்தியிருக்கணும்.”

சந்தேகத்திலிருந்து உறுதிக்கு இந்தப் பேச்சு படிப்படியாக ஏறுவதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு படிக்கும் ஒரு மோடல் இருக்கிறது. முதல் ஊகம்: “தி பிரிண்டர் மே பி அவுட் ஆஃப் பேப்பர்.” இன்னும் தளர்வாகச் சொல்ல ‘மைட் பி’ அல்லது ‘குட் பி’. அடுத்த ஊகமும் அதே வகை: “தி கேபிள் குட் பி லூஸ்.” மாணவி மறுப்பது வெறும் ஊகத்தால் இல்லை, காரணத்தோடு மறுக்கிறாள்: “இட் கான்ட் பி தி கேபிள்.” இங்கேதான் நிறையப் பேர் ‘மஸ்ட் நாட் பி’ என்று போட்டுவிடுகிறார்கள். செய்யவே கூடாது என்னும் தடைக்கு ‘மஸ்ட் நாட்’, ஆனால் இப்படி ஊகித்து உறுதியாகச் சொல்லும் ‘மஸ்ட் பி’க்கு எதிர்மறை ‘கான்ட் பி’. கடைசியில் கடைக்காரர் கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் திரையில் தெரிந்ததை வைத்து நடந்து முடிந்த ஒன்றை உறுதியாகச் சொல்கிறார்: “சம்ஒன் மஸ்ட் ஹேவ் சேஞ்ச்டு தி டீஃபால்ட் பிரிண்டர்.” நடந்து முடிந்ததை ஊகிக்கும்போது மோடலுக்குப் பின் ‘ஹேவ்’, அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம். ‘மே ஹேவ் சேஞ்ச்டு’ என்றால் மாற்றியிருக்கலாம். ‘கான்ட் ஹேவ் சேஞ்ச்டு’ என்றால் மாற்றியிருக்க முடியாது. ஆள் ‘ஹி’யாக இருந்தாலும் ‘ஹேஸ்’ ஆகாது, ‘ஹேவ்’ தான்; மோடலுக்குப் பின் வரும் வினை வெறுமனே வரும் என்ற அதே விதி இங்கேயும் செல்லும்.